சூரமங்கலத்தில் ஒரு கடல்

சேலத்தில் கடல் இருக்கிறது.
சூரமங்கலம் ரயில் பாதைக்குப் பின்னால்
சித்தேஸ்வரன் போல்ட் கம்பெனிக் கொட்டகையில்,
வலது மூலையில், ஒரு பீரோ படுத்த அளவுக்கு.
ஐந்து விழுக்காடு உப்பு,
முப்பத்தைந்து டிகிரி,
இரவும் பகலும் ஓயாத புகைநீர்.
அதற்கு நான்தான் கரை.

உள்ளே ஆறு போல்ட்டுகள்,
ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்.
மன்னார் வளைகுடாவில் என்றோ நிற்கப்போகும்
காற்றாலையின் பாதத்தை
மேல்துண்டோடு கோக்க வேண்டியவை.
எழுநூற்று இருபது மணி நேரம்
செந்துரு தெரியக்கூடாது, அதுதான் நிபந்தனை.
வெள்ளைத் துரு பரவாயில்லை,
அது துத்தநாகம் கட்டும் கப்பம்.

டெண்டர் தேதி முதலில் தை கடைசி.
பிறகு திருத்த அறிவிப்பு, பங்குனி.
பிறகு இன்னொன்று.
பிறகு திருத்தத்துக்கு ஒரு திருத்தம்.
சித்தேஸ்வரன் ஒவ்வொன்றையும் அச்செடுத்து
கஞ்சமலைக் கோயில் காலண்டர் ஆணியிலேயே குத்தினார்.
காலண்டர் மெலிய மெலிய
ஆணி கனத்தது.

கேட்டால் எல்லோரிடமும் நியாயம் இருந்தது.
இந்த விலைக்கு யூனிட்டை எப்படி வாங்க, என்றது வாரியம்.
வாங்குவீர்களா தெரியாமல் விலை எப்படிக் குறைக்க, என்றது கம்பெனி.
இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள், என்றது வங்கி.
முதலில் கப்பல் வரட்டும், ஆழம் தோண்டுகிறேன் என்றது துறைமுகம்.
முதலில் ஆழம், என்றது கப்பல்.
கடலடிக் கேபிள் யார் செலவு?
பக்கம் நாற்பத்தொன்று: பின்னர் அறிவிக்கப்படும்.
வலை வீசுகிறவர்களுக்கு மொத்தம் நான்கு வரி.
இத்தனையிலும்
காற்றைப் பற்றி ஒருவருக்கும் புகார் இல்லை.

லீ பஜாரில் மஞ்சள் தரகு பார்க்கும் மாரப்பன்
டீ குடிக்க வந்தவர், கதையைக் கேட்டுச் சிரித்தார்.
'குவியலுக்குள்ள கையை விட்டுப் பார்க்காம
எவன்யா விலை சொல்லுவான்?
துண்டைப் போட்டு விரலைப் பிடிக்கலாம்னா
உங்க யாவாரத்துல
குவியலும் இல்ல, துண்டும் இல்ல,
விரலு மட்டும் நீட்டிட்டு நிக்கிறீங்க.'

தொழிற்கடன் பிரிவு ஃபிலோமினா மேடம் ஒருநாள் வந்தார்.
பெட்டியின் கண்ணாடியில் முகம் வைத்து வெகுநேரம் பார்த்தார்.
'இதையா ஈடு காட்டினீங்க? கடலையா?'
அவர் மூக்குக்கண்ணாடி பனித்துவிட்டது.
தட்டுவடை செட் வாங்கி வைத்தோம்.
காரம் சரியாயிருக்கு என்றார்.
தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன்,
அதையும் அதே குரலில்தான் சொன்னார்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை,
விடியற்காலை நான்கு பத்துக்கு,
எழுநூற்று இருபதாவது மணி.
டார்ச் அடித்து ஒவ்வொரு மரையாகப் பார்த்தேன்.
சிவப்பு இல்லை.
ஆறு படம் எடுத்து, ஆறையும் அவருக்கு அனுப்பினேன்.
பதினோரு மணிக்கு போன் வந்தது.
ஒருவரும் விலை கோரவில்லையாம். டெண்டர் ரத்து.

சித்தேஸ்வரன் ஆணியிலிருந்து கட்டை மொத்தமாக உருவி
நான்காகக் கிழித்தார், கோபத்தில் இல்லை,
ஸ்கேல் வைத்து.
பின்பக்கம் வெள்ளை, லேத்துக்காரர்களுக்குக் கணக்கெழுத ஆகும்.
'பெட்டியை அணைச்சிடு சுடர்மதி. கரண்ட் பில் ஏறுது.'

'கேட்ட மணிக்குத் தாங்கிடுச்சு சார்.
எத்தனை மணிக்குத் தோக்கும்னு
நமக்கே இன்னும் தெரியாதே.'

கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு போய்
தன் மேஜைக்கு மேலிருந்த ஃபேனை நிறுத்தினார்.

ஆடி பிறந்தது.
ஏற்காட்டுச் சரிவிலிருந்து இறங்கிய காற்று
கொட்டகைத் தகரத்தை ராத்திரி பூராவும் தட்டியது.
ரோடு பாலத்துக்கு நட்டு, ஜவ்வரிசி ஆலைக்கு ஷாஃப்ட்,
இப்படியே வட்டி கட்டினோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாவது மணியில்
மூன்றாம் போல்ட்டின் ஏழாம் மரையில்
கடுகளவு சிவப்பு.

பதிவேட்டில் எழுதினேன்.
தேதி, மணி, இடம், என் கையெழுத்து.
'சோதனை கோரியவர்' என்றொரு கட்டம் இருக்கிறது.
கோடு போட்டு மூட மனம் வரவில்லை.
காலியாக விட்டேன்.